அடைக்கோழி உட்கார்ந்திருந்த ஸ்போர்ட்ஸ் கார்

கள்ளக்குறிச்சியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிற ஒரு பெண் தனக்கு ஸ்போர்ட்ஸ் கார் வேண்டும் என்று சொன்னால் வீட்டில் காதில் விழாத மாதிரி இருந்துவிடுவார்கள். இல்லாவிட்டால் போய் மாவு அரைத்துக்கொண்டு வா என்பார்கள். எனக்கு அந்த இரண்டும் கிடைக்கவில்லை. "எந்தக் கலர்ல பாப்பா?" என்று கேட்டார் அப்பா.

அவர் அப்போதுதான் துபாயிலிருந்து வந்திருந்தார். நான் இரண்டாம் வகுப்போ என்னமோ படிக்கும்போது போனவர். நடுநடுவே விடுமுறைக்கு வருவார். வந்த களைப்பு தீர்வதற்குள் திரும்பிப் போகிற நாள் வந்துவிடும். ஆகையால் எங்களுக்குள் பழக்கம் கம்மி. அவர் கணக்கில் நான் இன்னும் பாப்பா. என் கணக்கில் அவர் ஒரு மரியாதைப்பட்ட விருந்தாளி. அம்மாவுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும். வந்த புதிதில் அவருக்கு விருந்தாளிகளுக்கென்று எடுத்துவைத்திருந்த டம்ளரில்தான் காபி கொடுத்தாள். அவரும் டிவியைப் போடுவதற்குமுன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வார். தன் வீட்டில் உப்பு ஜாடி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் ஒரு மனிதர் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தது இப்போது நினைத்தாலும் சங்கடமாக இருக்கிறது.

அந்தச் சங்கடத்தைப் போக்கத்தான் அவர் ஒருநாள் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். வாட்ச், சைக்கிள் என்று ஏதாவது எதிர்பார்த்திருப்பார். எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரியாத கேள்விக்கு வாயில் வந்ததைச் சொல்வது பள்ளிக்கூடத்தில் என் வழக்கம். மடியில் அறிவியல் நோட்டு இருந்தது. அதன் லேபிளில் ஒரு சிவப்புக் கார் இருந்தது. பூகோள நோட்டு இருந்திருந்தால் மயில் கேட்டிருப்பேன்.

அப்பா இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. என் எந்தக் கோரிக்கையையும் அவர் அதுவரை நேரில் கேட்டதில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம். புதுசு வாங்க நமக்கு வழியில்லை, ஆனால் கையைக் கடிக்காத விலைக்குப் பழைய கார் ஒன்றைப் பிடித்து, நாமே பிரித்துச் செப்பனிட்டு ஸ்போர்ட்ஸ் காராக ஆக்கிவிடலாம் என்றார். அப்பாவும் மகளுமாகச் செய்யலாம் என்று அவர் சொன்னபோது குரலில் லேசான பதற்றம் இருந்தது. வேலைக்கு மனுப் போடுகிறவரின் குரல்.

அவர் துபாயில் கார் கம்பெனியில் வேலை பார்க்கிறார் என்று ஊரில் சொல்லிவைத்திருந்தோம். பொய்யில்லை. பெயிண்ட் அடிக்கிற பிரிவில் இருந்தார். எஞ்சினைப் பற்றி அவருக்குத் தெரிந்தது, எங்கள் பங்குச் சாமியாருக்கு இல்லறத்தைப் பற்றித் தெரிந்த அளவு, கேள்விப்பட்டிருந்தார். அந்தக் குறையை நிரப்ப மாமா இருந்தார். அம்மாவின் தம்பி. கச்சிராயபாளையம் ரோட்டில் டிராக்டர் மெக்கானிக்.

இதற்கு நடுவே விசா என்று ஒன்று இருந்தது. வெளியே வந்து ஆறு மாதத்துக்குள் திரும்பிப் போகாவிட்டால் அது செல்லாது. போவதா, இங்கேயே இருந்துவிடுவதா என்று அப்பா முடிவு செய்திருக்கவில்லை. போனால் சம்பளம் நிச்சயம். இருந்தால் இங்கே என்ன தொழில் செய்வது என்று தெரியாது. அவருடைய சூப்பர்வைசர் ஒரு மலையாளி, நல்ல மனிதர், வாரம் தவறாமல் தெருமுனை மளிகைக்கடைக்கு போன் போட்டு எப்போது வருகிறாய் என்று விசாரிப்பார். அப்பா போய்ப் பேசிவிட்டு வருவார். என்ன பேசினீர்கள் என்று அம்மா கேட்கமாட்டாள். பாத்திரம் தேய்க்கிற சத்தம் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தியாகும். அவள் சத்துணவு அமைப்பாளர். அவள் சம்பளத்தில் குடும்பம் நடக்காது என்பது அவளுக்குத் தெரியும். சம்பாதிக்கப் போகிறவரை வழிமறிப்பது நல்ல பெண்பிள்ளைக்கு அழகில்லை என்று வளர்ந்தவள். "போகாதீங்க" என்று அவள் வாயிலிருந்து நான் ஒருதரமும் கேட்டதில்லை.

இவையெல்லாம் எனக்குத் தெரியும். ஆஸ்திரேலியாவின் தலைநகரம் தெரிகிற மாதிரி தெரியும். பரீட்சையில் கேட்டால் எழுதலாம். மற்றபடி அதனால் எனக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. என் கவலையெல்லாம் கார்.

ஸ்போர்ட்ஸ் கார் என்றால் என்ன என்பதில் எங்களுக்குள் கருத்து ஒற்றுமை கிடையாது. இரண்டே கதவு, தரையோடு ஒட்டிய உயரம், சிவப்பு. இது என் இலக்கணம். அப்பாவின் இலக்கணம் தகரம். எந்தக் காரைப் பார்த்தாலும் விரல்முட்டியால் கதவைத் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்பார். அடிபட்ட பள்ளத்தைப் பட்டி வைத்து நிரப்பி மேலே வண்ணம் பூசியிருந்தால் பொத்தென்று சத்தம் வரும்; அசல் தகரமாக இருந்தால் கணீரென்று பேசும். மாமாவுக்கு இந்த நுட்பமெல்லாம் இல்லை. கரும்பு லோடு இழுக்குமா, இல்லை வெள்ளிமலையாவது ஏறுமா என்று கேட்பார். இந்த மூன்று இலக்கணங்களும் ஒரே பைக்கில் ஏறிச் சனிக்கிழமைதோறும் கார் தேடிப் புறப்பட்டன.

முதலில் நைனார்பாளையம். அங்கே ஒருவரிடம் ஸ்போர்ட்ஸ் காரே இருப்பதாக மாமா கேள்விப்பட்டிருந்தார். போய்ப் பார்த்தால் நாலு கதவு வைத்த சாதாரணக் கார். டிக்கிமேல் தச்சரிடம் சொல்லி ஒரு வேப்பம்பலகையைக் குறுக்கே பொருத்தியிருந்தார்கள். அதுதான் ஸ்போர்ட்ஸ். அந்தப் பலகையில் வீட்டுக்கார அம்மா கூழ்வடகம் காயப்போட்டிருந்தார். அப்பா கதவைத் தட்டினார், மேற்கூரையைத் தட்டினார். வண்டி முழுக்கப் பொத்துப் பொத்தென்றது. மாமா மட்டும், எஞ்சின் பரவாயில்லை, பத்து நாளில் சரி பண்ணிவிடலாம் என்றார். பலகையைக் கழற்றிவிட்டு என்ன விலை சொல்வீர்கள் என்று அப்பா கேட்டதும் உரிமையாளருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"பலகைக்குத்தாங்க வெலயே" என்றார்.

திரும்பும் வழியில் பைக்கில் நடுவில் நான். பின்னால் அப்பா. காற்றுக்கு எதிராகக் கத்திக் கத்திப் பேசிக்கொண்டு வந்தார். அங்கே ஒரு காரை ரெண்டே நாளில் முடித்துவிடுவோம், முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம் அந்தப் பளபளப்பில், என்றெல்லாம். முகத்துக்கு நேராகப் பேச வராத மனிதருக்கு முதுகுக்குப் பின்னாலிருந்து நன்றாகப் பேச வந்தது. ராத்திரி சாப்பிடும்போது அம்மாவிடம் பலகைக் கதையைச் சொல்லிச் சிரித்தோம். அவள், அதை ஓட்டுகிற மாதிரி ஆக்க எத்தனை நாள் ஆகும் என்று மட்டும் விசாரித்தாள். பத்து நாள் என்றேன். "ம்" என்று சொல்லி ரசத்தைக் கலக்கினாள்.

அடுத்தது எலவனாசூர்கோட்டை. ஒரு மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் அது கிடந்தது. இரண்டு கதவு மாடல்தான். ஒரு காலத்தில் சென்னையில் செய்து, பிறகு நிறுத்திவிட்ட வகை. முன்மூக்கு முழுவதும் முதலை வாய் திறக்கிற மாதிரி ஒரே தூக்காகத் திறக்கும். திறந்தோம். உள்ளே எஞ்சினைச் சுற்றிப் பூசணிக்கொடி படர்ந்து, ஒரு பிஞ்சும் விட்டிருந்தது. சக்கரம் இல்லை, கல்லின்மேல் நின்றது. பின் இருக்கையில் அடைக்கோழி ஒன்று முட்டைகளின்மேல் உட்கார்ந்து, டிக்கெட் வாங்கிவிட்டவர்கள் பார்க்கிற மாதிரி எங்களைப் பார்த்தது. மாமா கீழே குனிந்து பார்த்துவிட்டு எழுந்து அப்பாவிடம் சொன்னார்:

"மாமா, இது காரு இல்ல. தோட்டம்."

அன்றைக்கும் சாப்பாட்டில் இதே பேச்சு. மாமாவும் இருந்தார். கோழி பார்த்த பார்வையை நான் நடித்துக் காட்டினேன். அம்மா வழக்கம்போல எத்தனை நாள் ஆகும் என்றாள். ஒரு வருஷமாவது ஆகும் என்றார் மாமா. சோறு போட வந்த கரண்டி நடுவழியில் நின்றது.

"ஒரு வருசம்னா, ஆளு கூடவே இருந்து செய்யணுமா?"

"பின்ன? தகர வேல பூராவும் மாமாதான் பாக்கணும். நான் ஒண்டியா இன்னாத்த பண்றது?"

கரண்டி மறுபடி நகர்ந்தது. என் தட்டில் போடவேண்டியதையும் சேர்த்து அப்பா தட்டிலேயே போட்டாள்.

மூன்றாவது சனிக்கிழமை மணலூர்பேட்டையில் என் கார் கிடைத்தது. பெண்ணையாற்றுப் பக்கம் கரும்பு வைத்திருந்த ஒரு பெரியவருடையது. அதே இரண்டு கதவு மாடல், அதே முதலை வாய், ஆனால் நிறம் சிவப்பு, சாவியைத் திருப்பினால் கிளம்பியது. அப்பா தட்டிப் பார்த்தார். ஒன்றிரண்டு இடம் தவிர எல்லாம் கணீர். மாமா, பதினைந்து நாள் வேலை, அதுவும் பெயிண்ட் வேலைதான் என்றார். விலையும் எங்களுக்கு எட்டுகிற விலை. அப்பா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஆற்றோரச் சாலையில் ஓட்டிக்கொண்டு போனார். கரும்புத் தோகை கண்ணாடியை உரசியது. எதிரே வந்த பள்ளிப் பிள்ளைகள் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள். எங்கள் வகுப்பில் ஒருத்தியாவது வந்து தொலைக்கமாட்டாளா என்று நான் சாலையையே பார்த்துக்கொண்டு வந்தேன். அடுத்த வாரம் வீட்டுக்காரியையும் கூட்டிவந்து காட்டிவிட்டு முன்பணம் தருகிறேன் என்று அப்பா பெரியவரிடம் சொன்னார். இரவு அம்மா கேட்பதற்கு முன்பே நான், பதினைந்தே நாள்தான் அம்மா, என்று கத்தினேன்.

அம்மா பஸ்ஸில் வந்தாள். ஞாயிறு பூசைக்கு உடுத்துகிற புடவையில் வந்திருந்தாள். காரைச் சுற்றிவந்தாள். உள்ளே உட்கார்ந்தாள், கதவைச் சாத்தினாள், திறந்தாள், இறங்கினாள். பிறகு ஆரம்பித்தாள். பலகைமேல் உட்கார்ந்த மாதிரி தாழ்வாக இருக்கிறது, எழுந்திருக்கும்போது புடவை மிதிபடுகிறது. நிறம் தீயணைப்பு வண்டி மாதிரி இருக்கிறது. ஹாரன் ஆட்டுக்குட்டி கத்துகிற மாதிரி இருக்கிறது. உள்ளே ஒரு வாடை அடிக்கிறது. அந்த வாடை, பெரியவர் வீட்டம்மா எங்களுக்குக் கொடுத்த மோரில் போட்ட பெருங்காயம்தான். பெரியவருக்கு மனசு விட்டுப்போனது. அப்பா சமாதானமாக ஏதோ சொல்லிப் பார்த்தார்; அவள் காதில் வாங்கவில்லை. துணிக்கடையில் இருக்கிற புடவை அத்தனையும் பிரிக்கச் சொல்லிவிட்டு, முதலில் ஒதுக்கியதையே எடுத்துக்கொண்டு வருகிறவள் அவள். அந்தக் குணம் காரிலும் வேலை செய்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

திரும்பிப் போகிற வழியில் அந்தப் பூசணிக்காய்க் காரையும் ஒருதரம் பார்த்துவிட்டுப் போகலாம் என்றாள்.

எலவனாசூர்கோட்டையில் அவள் உட்காரவில்லை, சுற்றிவரவும் இல்லை. கொட்டகை ஓரத்திலேயே நின்றாள். மாமாவிடம் கேட்டாள்:

"தம்பி, இது ஓடறதுக்கு எவ்ளோ நாளாவும்?"

"அதான் அன்னிக்கே சொன்னனேக்கா. ஒரு வருசம். ஜாஸ்தியும் ஆவும்."

"அப்ப இதயே எடுத்துக்கலாங்க" என்றாள் அப்பாவைப் பார்த்து.

மாமா அக்காவுக்கு உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்பதுபோல் பார்த்தார். அப்பாவும் அம்மாவைப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று சொல்லத் தெரியவில்லை. கோழி எழுந்து, முட்டைகளைப் புரட்டி, மறுபடி உட்கார்கிற நேரம் இருக்கும். பிறகு குனிந்து கதவைத் தட்டினார். துருவுக்குள்ளிருந்து கணீரென்று வந்தது.

"பட்டியே வெக்கல" என்றார், யாரிடம் என்றில்லாமல். "அத்தினியும் அசல் தகரம்."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு பூசணிப் பிஞ்சைப் பார்த்தாள்.

அந்தக் கொட்டகை வீட்டுக்கார அம்மாவுக்கு விற்பதில் ஆட்சேபணை இல்லை. காலத்துக்கும் இடத்தை அடைத்துக்கொண்டிருந்ததை யாராவது எடுத்துப் போனால் போதும் என்றார். ஆனால் ஒரு நிபந்தனை. அடைக்கோழியைக் கலைப்பது வழக்கமில்லை. குஞ்சு பொரித்து இறங்கிய பிறகுதான் வண்டியை அசைக்கவேண்டும். இன்னும் ஒரு வாரம் பாக்கி. ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவதற்குக் கோழியின் சம்மதம் வேண்டியிருந்த குடும்பம் உலகத்தில் எங்களுடையது மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

"பொறுமையா பொரிக்கட்டும்" என்றாள் அம்மா. "இப்ப இன்னா அவசரம்?"

நான் பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை அழுதேன். யாரும் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. முன் இருக்கையில் அவர்கள் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்கள். என் வாழ்க்கை பாழானதில் இவர்களுக்கு இத்தனை நிம்மதியா என்றிருந்தது.

குஞ்சுகள் இறங்கியபின் கார் கரும்பு டிரெய்லரில் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தது. எங்கள் பக்கத்தில் எந்த வண்டி வாங்கினாலும் சாமியாரை அழைத்து மந்திரித்த பிறகுதான் தொடுவது. சாமியார் தீர்த்தச் செம்போடு வந்தார். வண்டி எங்கே என்றார். காட்டினோம். வழிப்பயணத்தில் ஆபத்து வராமலிருக்கச் சொல்கிற செபத்தைச் சக்கரம் இல்லாத ஒன்றுக்குச் சொல்லலாமா என்று அவர் கொஞ்சம் யோசித்தது தெரிந்தது. கடைசியில் சொல்லி, தீர்த்தத்தைத் தெளித்தார். அவர் தெளிக்கத் தெளிக்க அப்பா தோளில் கிடந்த துண்டால் ஒவ்வொரு சொட்டாகத் துடைத்துக்கொண்டே பின்னால் போனார்.

"தண்ணி நின்னா துரு புடிச்சிக்கும் சாமி" என்றார்.

சாமியார் பெருந்தன்மையானவர். அதற்கப்புறம் கொஞ்சமாகத் தெளித்தார்.

வேலை ஆரம்பமாயிற்று. ஆரம்பமாயிற்று என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். முன்னேறியது என்று சொன்னால் மிகை. சாயங்காலம் பள்ளி விட்டு வந்ததும் கதவைக் கழற்றித் தரையில் போட்டு, ஒரு பக்கம் அப்பா, ஒரு பக்கம் நான், உப்புத்தாளால் தேய்ப்போம். கதவு நடுவில் இருந்ததால் அவருக்கு என்னைப் பார்த்தே பேச வந்தது. என் டீச்சர்கள் பெயரெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டார். யாருக்கு எது வராது என்பதுவரை தெரிந்துகொண்டார். அம்மா பக்கத்தில் முறத்தோடு உட்கார்ந்து அரிசி புடைப்பாள். அவருடைய காபி எப்போது சாதாரண டம்ளருக்கு மாறியது என்று நான் கவனிக்கவில்லை.

வண்ணம்தான் பெரிய பாடு. சிவப்பு கூடாது என்பதில் அம்மா உறுதி. பச்சை என்றாள். அடித்தார். கிளிப்பச்சை ஆகிவிட்டது, வேண்டாம் என்றாள். சுரண்டினார். நீலம் அடித்தார். காய்ந்ததும், இது நான் நினைத்த நீலம் இல்லை என்றாள். மறுபடியும் சுரண்டினார். முகம் சுளிக்கவே இல்லை. ரெண்டே நாளில் ஒரு காரை முடித்துவிடுவோம் என்று பைக்கில் கத்திக்கொண்டு வந்தவர், இங்கே ஒற்றைக் கதவோடு மாசக்கணக்கில் குடித்தனம் நடத்தினார். துபாய்க்குப் போனவர்கள் எல்லோரும் அளப்பார்கள் என்று என் தோழி ஒருத்தி சொல்லியிருந்தாள். அது உண்மைதான் என்று முடிவு செய்து, அப்பாவை மனசுக்குள் மன்னித்துவிட்டேன். அம்மாவை மன்னிக்கவில்லை.

கதை முடிவைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கார் ஓட ஒரு வருஷத்துக்குமேல் ஆயிற்று. ஒருவழியாகச் சந்தன நிறத்தில் முடிந்தது. வெள்ளிமலைக்கு ஏற்றிப் பார்த்தோம். பாதி மலையில் கொதித்து நின்றது. மாமா முதலை வாயைத் திறந்து, ஆவியில் முகம் சிவந்து, கரும்பு லோடு இழுக்கத் தெரியாததெல்லாம் ஒரு வண்டியா என்றார். அது எந்த இலக்கணப்படியும் ஸ்போர்ட்ஸ் கார் இல்லை. அதற்குள் அப்பா மாமாவின் பட்டறைக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை போட்டு, டிராக்டருக்கும் வேனுக்கும் பெயிண்ட் அடிக்கத் தொடங்கியிருந்தார். விசா எப்போதோ செல்லாமல் போயிருந்தது.

நான் சொல்ல வந்தது அது செல்லாமல் போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி. முதல்நாள்தான் சூப்பர்வைசர் கூப்பிட்டிருந்தார். டிக்கெட் போடட்டுமா, நாளை மறுநாளாவது சொல்லிவிடு, இதற்குமேல் கையில் இல்லை என்றாராம். திங்கட்கிழமை சொல்கிறேன் என்று வைத்துவிட்டார் அப்பா. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. கதவு அப்போது இரண்டாவது தடவையாகச் சுரண்டப்பட்டு, வெறும் தகரமாகச் சுவரில் சாய்ந்திருந்தது.

பூசையில் பெண்கள் பக்கம் அம்மாவும் நானும். ஆண்கள் பக்கம் அப்பா. அவர் நகக்கண்ணில் நீலம் போகவில்லை. நற்கருணை வாங்கிக்கொண்டு வந்து முழந்தாளிட்டேன். ஆண்டவரே, இந்தக் கார் சீக்கிரம் முடியவேண்டும், முழுப்பரீட்சைக்கு முன்னால் முடியவேண்டும், அம்மாவுக்கு ஏதாவது ஒரு கலர் பிடிக்கவேண்டும் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு கேட்டேன். கேட்டு முடித்துத் திறந்து பார்த்தால் அம்மா இன்னும் முழந்தாளில் இருந்தாள். அறிவிப்பெல்லாம் முடிந்து கூட்டம் எழுந்த பிறகும் இருந்தாள். முக்காட்டுக்குள் முகம் தெரியவில்லை. கோயிலில் அத்தனை நேரம் முட்டி போடுகிறவள் இல்லை அவள். மதிய உலைக்கு நேரமாகிறது என்று கடைசிப் பாட்டுக்கு முன்பே செருப்பைத் தேடுகிறவள்.

வெளியே வந்து பெண்கள் வாசல் படியில் நின்றோம். எனக்கு ஆர்வம் தாங்கவில்லை.

"காரு சீக்கிரம் முடியணும்னு நான் வேண்டிக்கினேன். நீ இன்னாம்மா வேண்டிக்கின, அவ்ளோ நேரம்?"

அவள் முக்காட்டை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நானும் காரப் பத்திதான்டி" என்றாள்.

எனக்கு அவள்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. இரண்டு பேர் மனமொத்து ஒரே காரியத்தைக் கேட்டால் ஆண்டவர் தட்டமாட்டார் என்று ஞாயிறு வகுப்பு சிஸ்டர் சொல்லியிருந்தார். இனிக் கவலையில்லை, எப்படியும் இந்த மாதத்துக்குள் முடிந்துவிடும் என்று தோன்றியது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்பா வருகிறாரா என்று நாங்கள் இரண்டு பேரும் ஆண்கள் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.